அம்மாவின் காலைப் பெரட்டு



வழக்கமாக நான் இங்கு எழுதுவது வாசிப்பைப் பற்றியோ வாக்கியப் பயிற்சியைப் பற்றியோ இருக்கும். இன்று என் வீட்டுக்குள் நடந்த ஒன்றை எழுதுகிறேன். சென்ற மாதம் எங்கள் ஆசிரியர் அறையில் தேநீர் வேளையில் பேசிக்கொண்டிருந்தபோது, அங்கிருந்த எழுவரில் நால்வர் வீட்டில் மறதியாலோ மனச்சோர்வாலோ வாடும் பெற்றோர் இருப்பது தெரியவந்தது. ஒருவரும் அதுவரை அதைப் பற்றி வாய் திறந்ததில்லை, நானும் திறந்ததில்லை. பேசாமல் இருப்பதால் யாருக்கும் நன்மை இல்லை என்று தோன்றியதால் இந்தக் கட்டுரை.

அப்பா 2022இல் காலமானார். அதன் பிறகு அம்மாவை ஈப்போவிலுள்ள எங்கள் வீட்டிற்கு அழைத்து வந்தோம். அப்பொழுது அவருக்கு வயது 72. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, பதினைந்து வயதில் பால்மரம் சீவத் தொடங்கியவர். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருள் பிரியுமுன் பெரட்டில் நின்று பெயர் கொடுத்துவிட்டு, 400, 500 மரங்களைச் சுற்றி வந்தவர். விடியற்காலைக் குளிரில்தான் மரத்தில் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் வடிவது குறைந்துவிடும். ஆகவே தோட்டத்து மக்களின் உடலில் அந்த நேரம் எழுதாத சட்டமாகப் பதிந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் அம்மா காலை நாலரை மணிக்கே எழுந்துவிடுவார். ஆனால் எழுந்து செய்வதற்கு ஒன்றும் இல்லை. கூடத்தில் விளக்குப் போடாமல் நாற்காலியில் அமர்ந்திருப்பார். நான் ஆறு மணிக்கு எழுந்து வரும்போது அந்த இருட்டில் அவர் உருவம் தெரியும். "தூங்கலையாம்மா?" என்பேன். "தூங்கினேன்" என்பார். அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

பிறகு மறதி வந்தது. கேட்டதையே மூன்று முறை கேட்பார். அரிசியைக் கழுவி, நீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்தார். ஒரு நாள் பள்ளி முடிந்து வந்தபோது வீடெல்லாம் புகை. குழம்புச் சட்டி கருகிக் கிடந்தது. அம்மா அடுத்த அறையில் அமர்ந்திருந்தார். அன்று நான் கத்தினேன். "இப்பத்தானேம்மா சொன்னேன்! எத்தனை தடவ சொல்றது?" என்று ஒரு பிள்ளையை அதட்டுவது போல அதட்டினேன்.

மூன்றாம் ஆண்டில், நான் கற்பிக்கும் பள்ளியிலேயே படிக்கும் என் மகள், அன்றிரவு மெல்லக் கேட்டாள்: "பள்ளியில யாராவது மறந்துட்டா நீங்க திரும்பச் சொல்லித் தருவீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. பாட்டிய மட்டும் ஏம்மா ஏசுறீங்க?"

எனக்கு விடை தெரியவில்லை. அச்சம்தான் சினமாக வந்தது என்று ஒன்பது வயதுக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

மறுவாரம் அம்மாவை அரசாங்கக் கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றேன். இளம் மலாய் மருத்துவர் ஒருவர் பொறுமையாகப் பத்துக் கேள்விகள் கேட்டார். இன்று என்ன கிழமை, இது எந்த ஆண்டு, சொன்ன எண்ணைத் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்பன போன்றவை. அம்மா 10க்கு 6 பெற்றார். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குப் புள்ளி போட்ட எனக்கு, அந்த 6 நெஞ்சில் தைத்தது. அடுத்து, ஆம் இல்லை என்று விடை சொல்லும் 15 கேள்விகள். முதியோரின் மனச்சோர்வை அறிவதற்கானவை. நான்தான் மொழிபெயர்த்தேன். உள்ளுக்குள் எல்லாம் வெறுமையாக இருப்பது போலத் தோன்றுகிறதா என்னும் பொருளில் ஒரு கேள்வி வந்தது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "இருக்கு" என்றார்.

ஒரே கூரையின் கீழ் ஓர் ஆண்டுக்கு மேலாக வாழ்ந்தும் நான் கேட்காத கேள்வியை, முன்பின் தெரியாத ஒருவர் ஐந்து நிமிடத்தில் கேட்டுவிட்டார்.

மருத்துவர் சொன்னவற்றை, மற்றவர்க்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறேன். முதியவர் மறக்கிறார் என்றவுடன் அதை மூளைத் தேய்வு நோய் என்று முடிவு கட்டக்கூடாது. ஆழ்ந்த மனச்சோர்வு, தைராய்டுக் குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, உறக்கக் கேடு, சில மருந்துகளின் பக்கவிளைவு, கேள்விக் குறைவு ஆகியவையும் மறதியை உண்டாக்கும்; அல்லது மறதி போலத் தோற்றம் தரும். இவற்றுள் பல, சரிசெய்யக்கூடியவை. அதே வேளையில், முதுமையில் வரும் மனச்சோர்வு சிலருக்கு நினைவிழப்பு நோயின் முன்னறிவிப்பாகவும் அமையலாம். ஆகவே இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். இரத்தப் பரிசோதனைகள் எடுத்தார்கள். குறைந்த அளவில் மனச்சோர்வுக்கான மருந்து ஒன்று தொடங்கினார்கள். புறப்படும்போது மருத்துவர், "அம்மாவை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்காதீர்கள். உடல் அசைய வேண்டும், நாலு பேரோடு சேர்ந்து அசைய வேண்டும்" என்றார்.

நான் செய்த பிழை

ஆசிரியர் புத்தி என்னை விடுமா? அன்றே பாடத்திட்டம் வரைந்துவிட்டேன். காலை பதினைந்து நிமிடம் யோகாசனம், பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி. தொலைக்காட்சியில் காணொளியை ஓடவிட்டு, அருகில் நின்று திருத்தினேன். "கையை நேராக நீட்டுங்கள். மூச்சை இப்போது இழுக்கக் கூடாது, விட வேண்டும்." மூன்றாம் நாள் அம்மா பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டார். "எனக்கு வராதுய்யா, விட்டுடு" என்றார். யோகத்தில் எந்தக் குறையும் இல்லை. குறை கற்பித்தலில் இருந்தது. மாணவரின் முன்னறிவு என்ன என்று கேட்காமல் பாடம் தொடங்கக்கூடாது என்பது நமக்குப் பயிற்சிக் கல்லூரியில் முதல் பருவத்திலேயே சொல்லித் தரப்பட்டதுதானே?

வழி காட்டியவர் அண்டை வீட்டுச் சீன மூதாட்டி. வயது 78. பல ஆண்டுகளாக டி.ஆர். சீனிவாசகம் பூங்காவில் காலைதோறும் தாய்ச்சி பயில்பவர். ஈப்போவாசிகளுக்கு அந்தப் பூங்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவர் அம்மாவைப் பலமுறை அழைத்தார். "அது சீனவங்க ஆட்டம். எனக்கு எதுக்கு? இந்த வயசுல கையக் காலத் தூக்கினா பாக்குறவங்க சிரிப்பாங்க" என்று அம்மா மறுத்துக்கொண்டே இருந்தார். ஒரு சனிக்கிழமை அந்த மூதாட்டி வாசலில் வந்து நின்று, "மாரி, மாரி, தெமான் சாயா" என்றார். தமக்குத் துணையாக வரும்படி கேட்டார். தனக்காகப் போக மறுத்த அம்மா, பிறருக்குத் துணை என்றதும் செருப்பைத் தேடினார்.

நான் பின்னாலேயே சென்றேன். புல்தரையில் இருபது பேர் வரிசையாக நின்றார்கள். இன்னும் முழுதாக விடியவில்லை. அம்மா கடைசி வரிசையில் ஓரமாக நின்று சுற்றிலும் பார்த்தார். பிறகு என்னிடம், "பெரட்டு மாதிரி இருக்குல்ல?" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் தாமாகத் தொடங்கிய பேச்சு அது.

பயிற்சி தொடங்கியது. எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெல்ல மாற்றுவது, இடுப்பைத் திருப்பிக் கையை வளைத்துக் கொண்டுவருவது, கண் கையைத் தொடர்வது. அம்மாவின் கைகள் தடுமாறின. ஆனால் கால்கள் தடுமாறவில்லை. நான் வியப்புடன் பார்த்தேன். திரும்பி வரும்போது அவரே விளக்கம் சொன்னார்: "மரத்தச் சுத்தி வந்து வெட்டுறது இப்படித்தான். கத்திய அவசரமா இழுத்தா பட்டையில காயம் பட்டுடும். காலப் பையத்தான் மாத்தணும்." நான் தேடாமல் விட்ட முன்னறிவு அங்கே, அவர் கால்களில் இருந்தது.

இதில் என்ன இருக்கிறது?

தாய்ச்சி, சீகோங், யோகம் ஆகியவற்றை மனவுடற் பயிற்சிகள் என்கிறார்கள். அசைவு, மூச்சு, கவனம் ஆகிய மூன்றும் இவற்றில் ஒன்றாகப் பிணைந்திருக்கும். பூங்காக்களில் நாம் பரவலாகக் காணும் 24 அசைவுகள் கொண்ட எளிய தாய்ச்சி, 1956இல் சீனாவில் பொதுமக்களுக்காகத் தொகுக்கப்பட்டது. மூச்சும் மனமும் பிணைந்தவை என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று; திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமத்தை விரிவாகவே பேசுகிறார். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நம் முதியவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று ஓய்வு நேரங்களில் தேடிப் படித்தேன். ஹாங்காங்கில் நினைவிழப்பு அபாயம் உடைய 389 முதியவர்களைக் கொண்டு செய்த ஆய்வு 2011இல் வெளியானது. ஒரு சாரார் தாய்ச்சியும் மறு சாரார் உடலை நீட்டி மடக்கும் பயிற்சியும் செய்தனர். இரு சாராரிடமும் சில முன்னேற்றங்கள் தெரிந்தாலும், தாய்ச்சி செய்தோரிடம் கவனத்தில் கூடுதல் நன்மை காணப்பட்டது. அதே 2011இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், மனச்சோர்வுக்கு மருந்து உண்டும் முழுப் பயன் காணாத முதியவர்களுக்குத் தாய்ச்சியையும் சேர்த்துக் கொடுத்தபோது, மனநிலையிலும் நினைவாற்றலிலும் கூடுதல் முன்னேற்றம் இருந்ததாக லாவ்ரெட்ஸ்கி என்னும் மருத்துவரின் குழு எழுதியது. மருந்துக்குப் பதிலாக அன்று, மருந்தோடு சேர்த்து என்பதைக் கவனியுங்கள். அதே குழு 2016இல், நினைவுப் பயிற்சி பெற்றவர்களையும் குண்டலினி யோகமும் தியானமும் செய்தவர்களையும் ஒப்பிட்டது. நினைவாற்றலில் இரு குழுவும் முன்னேறின. மனச்சோர்வு குறைந்ததில் யோகக் குழு முந்தி நின்றது. ஆனால் அதில் பங்கேற்றவர் 25 பேர் மட்டுமே. சிறு ஆய்வைப் பெரிய முடிவாக்கக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்தது 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வு. மறதி பற்றிக் கவலை கொண்ட 300க்கும் மேற்பட்ட முதியவர்கள், வீட்டிலிருந்தே காணொளி வாயிலாக, வாரம் இரு முறை பயின்றார்கள். ஒரு குழு வழக்கமான தாய்ச்சி செய்தது. இன்னொரு குழு, அசைந்துகொண்டே சொற்களை எழுத்துக் கூட்டுவது போன்ற மூளைப் பணிகளையும் சேர்த்துச் செய்தது. 24 வாரங்களில் அந்த இரண்டாம் குழுவே அறிவாற்றல் தேர்வில் கூடுதலாக முன்னேறியது.

ஏன் இப்படி? தெளிவாகத் தெரிந்தவை சில உள்ளன. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடும்போது உடலை அமைதிப்படுத்தும் நரம்புப் பகுதி வேலை செய்யத் தொடங்குகிறது. நெஞ்சுத் துடிப்பு தணிகிறது. உடல் அசைவு இரத்தவோட்டத்தைப் பெருக்குகிறது. அடுத்த அசைவை நினைவில் நிறுத்துவதே மூளைக்கு ஒரு பயிற்சி. நிலைதடுமாறி விழுவது குறைவதால் வெளியே செல்லும் துணிவு வருகிறது. வெளியே சென்றால் மனிதர்கள் இருக்கிறார்கள். உலகளாவிய மருத்துவ வல்லுநர் குழுவொன்று 2024இல் லான்செட் இதழில் நினைவிழப்பு நோய்க்கான 14 தவிர்க்கக்கூடிய காரணங்களைப் பட்டியலிட்டது. உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, தனிமை, கேள்விக் குறைவு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவை அவற்றுள் அடங்கும். அந்த 14ஐயும் நீக்க முடிந்தால், ஏறக்குறைய 45 விழுக்காட்டு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அவர்கள் கணிப்பு. மீதியுள்ள பெரும்பகுதி நம் கையில் இல்லை. பெற்றோருக்கு நோய் வந்தால் அது பிள்ளைகளின் குற்றம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

லயத்து வீடுகள்

அந்த 2023ஆம் ஆண்டு ஆய்வைப் படித்த பிறகு, எழுத்துக் கூட்டல் அம்மாவுக்கு ஒத்துவராதே என்று யோசித்தேன். அவர் பள்ளிக்கூடத்தைப் பார்த்தது மூன்று ஆண்டுகள்தான். மகள் ஒரு வழி சொன்னாள். மாலையில் வீட்டு முற்றத்தில் அம்மா தாய்ச்சி அசைவுகளைச் செய்யும்போது, பழைய தோட்டத்து லயத்தில் முதல் வீட்டிலிருந்து வரிசையாக யார் யார் குடியிருந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். மகள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வாள்.

முதல் நாள் ஐந்து வீடுகள் வந்தன. அதற்குள் கை அசைவு மறந்துபோயிற்று. இரண்டாம் வாரம் பதினொரு வீடுகள். ஒவ்வொரு வீட்டோடும் ஒரு கதை வந்தது: ஆடு வளர்த்தவர், தப்படித்தவர், கடன் வாங்கிவிட்டுத் தைப்பூசத்தன்று ஓடிப்போனவர். மொத்தம் 24 வீடுகள். பதினான்காம் வீட்டை மட்டும் அம்மா ஒவ்வொரு முறையும் தாண்டிச் சென்றார். மகள் கவனித்துவிட்டாள். "பாட்டி, பதினாலு?" என்று கேட்டாள்.

அம்மாவின் கைகள் பாதியில் நின்றன. பிறகு அப்பாவின் பெயரைச் சொன்னார். திருமணத்திற்கு முன் அப்பா குடியிருந்த வீடு அது. அப்பா இறந்த பிறகு அவர் பெயரை அம்மா வாயால் நான் கேட்டதே இல்லை. கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. கைகள் மீண்டும் அசையத் தொடங்கின. "பதினஞ்சு, கங்காணி வீடு" என்று தொடர்ந்தார்.

அன்றிரவு அம்மா ஐந்து மணி வரை உறங்கினார்.

இன்றைய நிலை

ஆறு மாதம் கழித்துக் கிளினிக்கில் மீண்டும் கேள்விகள். மனச்சோர்வுப் புள்ளி வெகுவாகக் குறைந்திருந்தது. நினைவுத் தேர்வில் 6, 8 ஆகியிருந்தது. நான் துள்ளிவிட்டேன். மருத்துவர் புன்னகையுடன் அடக்கினார். மருந்து, பயிற்சி, நட்பு ஆகிய மூன்றில் எது எவ்வளவு உதவியது என்று பிரிக்க முடியாது. அதே கேள்விகளை இரண்டாம் முறை கேட்பதால் மட்டுமே ஓரிரு புள்ளி கூடலாம். தொடர்ந்து கவனியுங்கள் என்றார். நியாயமான பேச்சு. அம்மா இன்றும் மறக்கிறார். நான் வீட்டில் இல்லாதபோது அடுப்பின் எரிவாயுக் குழாயை மூடிவிட்டே செல்கிறேன். ஆனால் காலை நாலரை மணிக்கு இருட்டில் அமர்ந்திருக்கும் அந்த உருவம் இப்போது இல்லை. விளக்கைப் போட்டு, கோப்பி கலக்கி, சீனத்தக்காவுக்கும் ஒரு குவளையில் ஊற்றி வைக்கிறார். அசைவுகளைக் கந்தோனீஸ் மொழியில் எண்ணுகிறார்: யாட், யீ, சாம், சேய். எழுபது வயதைத் தாண்டிய பிறகு என் தாய் ஒரு புதிய மொழியில் எண்ணக் கற்றுக்கொண்டார் என்பதை, "எனக்குப் படிப்பு வராது டீச்சர்" என்று சொல்லும் பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் தொடங்க எண்ணினால் சில செய்திகள். முதலில் மருத்துவரைப் பாருங்கள். உண்ணும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். கண் அழுத்த நோய் உடையவர்கள் தலைகீழாகக் குனியும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிப் பிடிக்கக் கூடாது. முழங்கால் வலியோ தலைசுற்றலோ இருந்தால் நாற்காலியில் அமர்ந்தே செய்யலாம். ஈரப் புல்லில் வழுக்காத காலணி வேண்டும். முதியவர்கள் வாரத்தில் குறைந்தது மூன்று நாள், உடல் சமநிலைக்கும் வலுவுக்கும் உரிய பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல். மலேசியாவில் சமூக நல இலாகாவின் கீழ் ‘பாவே’ எனப்படும் முதியோர் நடவடிக்கை மையங்கள் உள்ளன. சிங்கப்பூரில் துடிப்பாக மூப்படையும் நிலையங்களும் சமூக மன்றங்களும் உள்ளன. திரையைப் பார்த்துத் தனியே செய்வதைவிட, பெயர் சொல்லி அழைக்க ஒருவர் இருக்கும் இடம் மேலானது. ஒரு நாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க அங்கே ஆள் இருக்கும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். "இப்பத்தானே சொன்னேன்" என்னும் தொடரை நான் வீட்டில் விட்டுவிட முயன்றேன். விட்டபோதுதான் அதை வகுப்பறையிலும் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது. பாடத்தை மறந்து விழிக்கும் அந்தக் கடைசி வரிசைப் பிள்ளையிடம் இப்போது திரும்பச் சொல்கிறேன். பூங்காவில் அம்மாவுக்குச் சொல்லித் தருபவர், ஒரே அசைவை நாற்பதாம் முறை காட்டும்போதும் முகம் சுளிக்காமல், "பெலான், பெலான்" என்பார். மெதுவாக, மெதுவாக. இத்தனை ஆண்டு ஆசிரியப் பணியில் நான் கேட்ட நல்ல கற்பித்தல் முறைகளில் அதுவும் ஒன்று.

சனிக்கிழமைகளில் நானும் அம்மாவுடன் செல்கிறேன். நான் கடைசி வரிசை. அம்மா இப்போது இரண்டாம் வரிசை. என் கால் தவறும்போது அவர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். ஏசுவதில்லை.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை